மேல்தட்டு இயக்கமும் கீழ்த்தட்டு இயக்கமும்

மொழி வகுப்பு முடிந்து வந்து, ஈரக் கையுறையைக் கழற்றி ஹீற்றரின் மேல் போட்டுவிட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். நிலத்தில் சிவப்பு ஒட்டுநாடா, நாங்கள் ரேப் என்பது, ஒட்டியிருந்தது.

கதவடியில் தொடங்கிய கோடு நேரே போய், மேசையின் காலில் ஏறி, மேசையை நடுவாகப் பிரித்து, மறுபக்கத்தால் இறங்கி, மின்சார அடுப்பில் முடிந்தது. அடுப்பின் வட்டங்களில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அதன் கழுத்தில் ஒரு துண்டு ரேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஞானம் அண்ணை கோழி வெட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் யோகண்ணை வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"நான் எந்தப் பக்கம் அண்ணை?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"நீர் பொது, தம்பி," என்றார் ஞானம் அண்ணை. "தண்ணிக் குழாய் மாதிரி."

யோகண்ணை வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமல், "அதில மட்டும் அவரோட எனக்கு உடன்பாடுதான் எண்டு சொல்லும்," என்றார். ஞானம் அண்ணை கைநீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றார். இருந்தாலும் நான் திரும்பி, "அண்ணை, அவருக்கு உடன்பாடாம்," என்று சொன்னேன். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் என்னுடைய முதல் வேலை அதுதான். சம்பளம் இல்லை.

ஒரு வீடு, மூன்று ஆட்கள்

கடலேரியைப் பார்த்த ஒரு பழைய மாடிவீட்டில் எங்களைக் கொண்டுவந்து விட்டவர் கிர்ஸ்டன் என்ற பெண். அகதிகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் மொழி வகுப்புக்கு அனுப்புவதும் அவருடைய வேலை. நல்ல மனுசி. எங்கள் மூவரையும் ஒரே வீட்டில் போட்டதைப் பெரிய உபகாரம் என்று நினைத்திருந்தார். மூன்று பேரும் தமிழர், மூன்று பேரும் யாழ்ப்பாணம், மூன்று பேரும் யுத்தத்துக்குப் பயந்து வந்தவர்கள். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஞானப்பிரகாசம் ஒரு இயக்கம். யோகராசா இன்னொரு இயக்கம். அந்த இரண்டு இயக்கங்களும் ஊரில் ஒன்றையொன்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தன. எதிரியோடு அடிபடப் போன பிள்ளைகள் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகளைத் தேடித் திரிந்த காலம் அது. காலையில் ஒரு இயக்கம் ஒட்டிய நோட்டீஸின் மேல் பின்னேரம் மற்ற இயக்கம் பசை பூசும். மறுநாள் அந்தப் பசை பூசியவனையே காணக் கிடைக்காது.

இயக்கங்களின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தொடரை நிறுத்திவிட்டு பதில் கடிதங்களுக்குத்தான் பக்கம் ஒதுக்க வேண்டிவரும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டு ஞானம் அண்ணையுடையது, கீழ்த்தட்டு யோகண்ணையுடையது. ஆகவே மேல்தட்டு இயக்கம், கீழ்த்தட்டு இயக்கம் என்று வைத்துக்கொள்வோம். என்னுடைய பாலும் முட்டையும் கதவில் இருந்தன.

எனக்கு இயக்கம் இல்லை. அதற்குக் காரணம் கொள்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊரில் ஒருநாள் பின்னேரம் ஒரு இயக்கம் என்னைக் கூப்பிட வந்தது. அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் மற்ற இயக்கமும் வந்தது. மறுநாள் வருகிறோம் என்று இரண்டும் சொல்லிவிட்டுப் போயின. அம்மா விடியற்காலையிலேயே எழும்பிப் படலையில் வேப்பிலையைக் கட்டி, எனக்கு அம்மாள் வருத்தம் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டா. துவக்கோடு வந்த பெடியள் வேப்பிலையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லாத முகத்தோடு நான் டென்மார்க் வந்து சேர்ந்தேன்.

இரண்டு தளபதிகள்

ஞானம் அண்ணை குருநகர்க்காரர். முப்பது வயதைத் தாண்டியவர். உயரமானவர். உயரத்துக்கேற்ற கதைகளும் வைத்திருந்தார். தான் ஒரு பகுதிக்கே பொறுப்பாளராக இருந்ததாகச் சொல்லுவார். ஜீப், வோக்கிடோக்கி, பின்னால் இரண்டு பெடியள். "நான் ஒரு சொல் சொன்னா காம்ப் கதவு திறக்கும்," என்பது அடிக்கடி வரும் வசனம். அதைச் சொல்லும்போது கையைக் காற்றில் மெதுவாக அசைப்பார், கதவு தானே திறப்பதுபோல.

யோகண்ணை வடமராட்சி. கட்டையான உருவம். கண்ணாடி போட்டவர். குறைவாகப் பேசுவார், பேசினால் எல்லாம் பயிற்சியைப் பற்றித்தான் இருக்கும். எந்த மலையில், எந்தக் காட்டில், எத்தனை கயிறு. நாங்கள் பேருந்துக்கு நிற்கும்போதுகூட எதிரே இருக்கும் கட்டடத்தைப் பார்த்து, "இதைப் பிடிக்கிறதெண்டா பின்பக்கத்தாலதான்," என்பார். அது ஒரு சப்பாத்துக் கடை.

இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஊரில் ஏதோ ஒரு சண்டைச் செய்தி வந்த நாளில் இருந்துதான். அன்று யோகண்ணை வைத்த சொதியை ஞானம் அண்ணை வேண்டாம் என்றார். பிறகு சொதி விடயம் வளர்ந்து ரேப்பில் வந்து நின்றது.

வெளியிலும் இதே கதைதான். அந்த வருடம் ஹோர்சன்ஸில் தமிழ்ப் புத்தாண்டு இரண்டு முறை பிறந்தது. ஒரு சனிக்கிழமை மேல்தட்டுக்கு, அடுத்த சனிக்கிழமை கீழ்த்தட்டுக்கு. மண்டபம் ஒன்றுதான். அதைப் பூட்டித் திறக்கத் திறப்பு வைத்திருந்த டேனிஷ் கிழவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போன கிழமை பிறந்த வருடத்துக்கு என்ன நடந்தது என்று அக்கறையாக விசாரித்தார். சாப்பாடு போதாமல் போய்விட்டது, அதனால் திரும்ப வைக்கிறோம் என்றேன். அவருக்கு விளங்கியது. நான் இரண்டு புத்தாண்டிலும் சாப்பிட்டேன். பொதுவாக இருப்பதில் அப்படியும் ஒரு வசதி உண்டு.

கிர்ஸ்டன் வைத்த மாநாடு

ஒருநாள் கிர்ஸ்டன் வீட்டைப் பார்க்க வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு குசினிக்குள் வந்தவர் கோட்டைக் கண்டு நின்றார். ஒரு காலைத் தூக்கியபடியே என்னிடம் இது சமயச் சடங்கா என்று கேட்டார்.

அப்போது எனக்குத் தெரிந்த டேனிஷ் மிகவும் கொஞ்சம். "யுத்தம்," என்றேன். அந்தச் சொல் தெரியும். அகதிகளுக்கு அதைத்தான் முதலில் படிப்பித்தார்கள்.

"யுத்தம் இலங்கையில்தானே?"

"குசினியிலும்," என்றேன்.

கிர்ஸ்டன் அந்தக் காலைக் கோட்டின் மேல் வைக்காமல் கவனமாகப் பின்னால் எடுத்தார். டேனிஷ்காரர் எந்தப் பிரச்சினைக்கும் முதலில் வைப்பது ஒரு கூட்டம். அவர்கள் மொழியில் அதற்கு 'மோதெ' என்று பெயர். நான் போய்ச் சொன்னதும் ஞானம் அண்ணைக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. "மோதத்தானே கூப்பிடுறா? வாறன் எண்டு சொல்லும்," என்றார்.

அடுத்த கிழமை கிர்ஸ்டன் கோப்பியும், கிரீம் பூசிய பெரிய கேக்கும், ஒரு மெழுகுதிரியும் கொண்டு வந்தார். பட்டப்பகலில் மெழுகுதிரியைக் கொளுத்தி மேசையின் நடுவில், சரியாக ரேப்பின் மேல் வைத்தார். ஒவ்வொருவரும் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்கே பேசக்கூடாது என்றார். மொழிபெயர்ப்பு நான்.

ஞானம் அண்ணை தொண்டையைச் செருமினார். "தம்பி, சொல்லும். உவையள் இனத்துக்குத் துரோகம் செய்த கூட்டம். சரித்திரம் உவையளை மன்னிக்காது."

எனக்கு வியர்த்துவிட்டது. துரோகத்துக்கும் சரித்திரத்துக்கும் எனக்கு டேனிஷ் தெரியாது. அந்த மாதம் வகுப்பில் படித்தது வீட்டுப் பாத்திரங்களும் மரக்கறிகளும். இருப்பதை வைத்துச் சமாளித்தேன்.

"அவர் சட்டி கழுவுவதில்லை என்று இவர் சொல்கிறார்," என்றேன்.

கிர்ஸ்டன் மிகவும் கவலையோடு தலையாட்டிவிட்டு யோகண்ணை பக்கம் திரும்பினார்.

யோகண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவருக்குச் சொல்லும், எங்கட தோழர்களின்ர இரத்தம் அவையின்ர கையில இருக்கு. அது எந்தக் காலத்திலயும் காயாது."

"அவரும் கழுவுவதில்லையாம்," என்றேன். "நெடுநேரம் அப்படியே விடுகிறாராம்."

கிர்ஸ்டனின் முகம் தெளிந்தது. தனக்கும் தன் கணவருக்கும் இதே பிரச்சினை இருந்தது என்றார். தீர்ப்பும் உடனே சொன்னார். ஒருநாள் ஞானப்பிரகாசம் எல்லாச் சட்டியும் கழுவ வேண்டும், மறுநாள் யோகராசா. இதை நான் தமிழில் சொன்னேன்.

"துரோகத்துக்கு இதுதான் தண்டனையோ?" என்றார் ஞானம் அண்ணை.

"ஓம் அண்ணை. டென்மார்க் சட்டம்."

கேக்கை மூன்று பேரும் சாப்பிட்டோம். கேக்கில் யாருக்கும் பிரச்சினை இருக்கவில்லை.

அசையாத அலமாரி

இப்போது இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அந்த நாட்களில் அந்த வீட்டில் எப்போதும் ஒரு கனம் இருந்தது. ஞானம் அண்ணையின் மனைவி மேரியும் யோகண்ணையின் மனைவி செல்வியும் ஊரில் இருந்தார்கள். மனைவியைக் கூப்பிட இருவரும் விண்ணப்பித்திருந்தார்கள். அப்படி விண்ணப்பித்த தமிழர் டென்மார்க்கின் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை, ஓம் என்றும் வரவில்லை. அந்தக் கோப்புகள் ஏன் அசையவில்லை என்பது பிறகு ஒரு பெரிய வழக்காகி, எங்கள் இனத்தின் பெயரையே அதற்கு வைத்து, கடைசியில் அரசாங்கத்தையே விழுத்தியது. அப்போது எங்களுக்கு அது ஒன்றும் தெரியாது. தபால்காரரின் மஞ்சள் சைக்கிளை யன்னலால் பார்ப்பதுதான் தெரியும். அது கடந்து போகும்போது இரண்டு தளபதிகளும் இரண்டு யன்னலில் நிற்பார்கள். இரண்டு திரைச்சீலையும் ஒரே நேரத்தில் விழும்.

கோப்புகள் கிடந்த அந்த அலமாரிக்குள் மட்டும் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற வேறுபாடு கிடையாது.

தொலைபேசி

ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. அது வாசல் மேசையில் இருந்தது, பொதுச்சொத்து. ஞானம் அண்ணை எடுத்தார். கொழும்பிலிருந்து மேரி அக்கா. விசா விசாரிக்க வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நிற்கிறாவாம். அண்ணையின் குரல் குழைந்தது. சாப்பிட்டியா, இருமல் எப்படி, அம்மா எப்படி என்றெல்லாம் கேட்டவர் திடீரென்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பிக் குசினியைப் பார்த்தார். அங்கே யோகண்ணை அன்றைய முறைப்படி ஞானம் அண்ணையின் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓம். தெரியும்," என்றார் தொலைபேசியில். கொஞ்ச நேரம் கேட்டார். "நல்ல மனுசனோ எண்டால்..." இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார். "சமைப்பார்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உவருக்குச் சொல்லும், ரெலிபோன் உவருக்கு. உவற்ற மனுசி என்ர மனுசியோட ஒரே அறையிலயாம்."

யோகண்ணை கையில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார். மேரி அக்காவும் செல்வியும் லொட்ஜில்தான் சந்தித்திருக்கிறார்கள். கணவன்மார் எங்கே என்ற கதையில் ஹோர்சன்ஸ் என்ற பெயர் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே பாயில் படுத்து, ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடும் அளவுக்குச் சிநேகம். இயக்கம் பற்றி இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

யோகண்ணை முதலில் சிரித்தார். பிறகு "எப்ப?" என்றார். பிறகு "யார்?" என்றார்.  தொலைபேசியை வைத்த இடத்தில் நுரை ஒட்டியிருந்தது.

செல்வியின் தம்பி குகன், பேக்கரியில் வேலை செய்தவன், பாண் கொண்டு போன வழியில் பிடிபட்டிருந்தான். பிடித்தது மேல்தட்டு இயக்கம். அந்த நாட்களில் அவர்கள் ஆள் சேர்க்கிறோம் என்று றோட்டில் நிற்கும் இளைஞரை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவன் அக்காவின் புருசன் எந்த இயக்கம் என்று அங்கே யாருக்காவது தெரிந்தால், அவனை அவர்கள் சேர்க்கப் போவதில்லை, வேறு மாதிரித்தான் கவனிப்பார்கள்.

கோட்டைக் கடந்தவர்

அன்று மத்தியானம் யோகண்ணை சமைக்கவில்லை. சட்டிகளையெல்லாம் கழுவி முடித்து, கழுவினவற்றைத் திரும்பக் கழுவினார். ஞானம் அண்ணை தன் பக்கத்து மேசையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யோகண்ணை குழாயை மூடிவிட்டு, கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, ரேப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார்.

"ஞானம்," என்றார். அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். "நீர் பொறுப்பாளரா இருந்தனீர். நீர் ஒரு சொல் சொன்னாக் காம்ப் கதவு திறக்கும் எண்டு சொல்லுவீர். எனக்காக இல்லை. அந்தப் பெடியனுக்காக ஒருக்காச் சொல்லும்."

ஞானம் அண்ணைக்கு வாயில் வைத்த சோற்றை விழுங்க நேரம் எடுத்தது.

"பாப்பம்," என்றார். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. யோகண்ணை கதிரையில் இருக்காமல் அப்படியே நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பைத் துடைத்தேன், இரண்டு பக்கமும்.

அண்ணை வெளியே வந்தபோது குளித்திருக்கவில்லை. தலை காய்ந்தபடியே இருந்தது.

"யோகராசா, நான் பொறுப்பாளர் இல்லை," என்றார்.

"அப்ப?"

"பார்சல் எடுத்த ஆள்."

ஊரில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். இயக்கப் பெடியளுக்குச் சாப்பாடு சனங்களின் வீடுகளில்தான். வீட்டுக்கு ஒரு பார்சல், இரண்டு பார்சல் என்று சைக்கிளில் போய் எடுத்து வர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் எங்கள் ஞானம் அண்ணை.

"வோக்கிடோக்கி?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"ஒருக்கா ஒருத்தன் கழுவப் போகேக்க பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," என்றார். "எனக்கு அங்க பெரிய ஆக்கள் ஒருத்தரையும் தெரியாது. என்னைக் கண்டா 'டேய் பார்சல்' எண்டுதான் கூப்பிடுவாங்கள்."

யோகண்ணை கதிரையை இழுத்து, மேல்தட்டு இயக்கத்தின் பக்கத்திலேயே இருந்தார். அவர் அழப் போகிறார் என்று பயந்தேன். ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பால். கண்ணீரும் வந்தது, அது வேறு.

"நான் ட்ரெயினிங்குக்குப் போகவே இல்லை, ஞானம்," என்றார். "வள்ளத்தில ஏற முதல் எனக்குச் சத்தி. கடல் வாசத்துக்கே குடல் பிரட்டிச் சத்தி. உவனை ஏத்தினா கடலில எல்லாரையும் காட்டிக் குடுத்துடுவான் எண்டு கரையிலயே விட்டிட்டாங்கள். பிறகு நோட்டீசுக்குப் பசை காய்ச்சினனான்."

"அப்ப அந்த மலை?"

"படத்தில பாத்தது."

ஹோர்சன்ஸ் இருக்கும் கிழக்கு யூட்லாண்டின் இரண்டு பெரிய தளபதிகள், ஒருவர் சோறு எடுத்தவர், மற்றவர் பசை காய்ச்சியவர், சிவப்பு ரேப் ஒட்டிய மேசையில் நேருக்கு நேர் இருந்தார்கள். ஞானம் அண்ணை தன் சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் இருந்த கோழித்துண்டை யோகண்ணை பக்கம் தள்ளினார். அவர் எடுத்துச் சாப்பிட்டார்.

திரேசா அக்கா

சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஞானம் அண்ணைக்கு அந்த யோசனை வந்தது.

"அந்தக் காம்புக்கு இப்ப பொறுப்பு ஆர்?" என்று கேட்டார்.

செல்வி சொன்ன பெயரை யோகண்ணை சொன்னார். அண்ணை நிமிர்ந்து இருந்தார். "அவன் என்னோட சைக்கிளில வந்தவன். பார்சலுக்கு. அவனுக்கு ஒருக்கா மஞ்சட்காமாலை வந்து, காம்பில ஒருத்தரும் பாக்க மாட்டினம் எண்டு எங்களுக்குப் பார்சல் தாற திரேசா அக்கா தன்ர வீட்டில படுக்க வச்சுப் பாத்தவ. கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்து, மாதக்கணக்கா. நான் சொன்னாக் கேக்க மாட்டான். அவ சொன்னாக் கேப்பான்."

திரேசா அக்கா குருநகரில் இருந்தா. தொலைபேசி கொழும்பில் இருந்தது. ஆகவே செய்தி மேரி அக்காவின் வாயில்தான் போக வேண்டும். அன்று பின்னேரம் லொட்ஜுக்கு எடுத்தோம். ஞானம் அண்ணை மனைவிக்கு எல்லாம் சொன்னார். கடைசியில், "ஓம், உண்மையாத்தான் சொல்லுறன், பார்சல்தான் எடுத்தனான்," என்று மெதுவாகச் சொன்னதும் கேட்டது. மேரி அக்காவும் அதுவரை அந்த ஜீப்பை நம்பியிருந்தா போலிருக்கிறது.

அடுத்த நாளே இரண்டு பெண்களும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் சோதனைச்சாவடி. அதன்பிறகு தொலைபேசி இல்லை.

வைலேயிலிருந்து விசாரணைக் குழு

அந்தக் காத்திருப்பில் இரண்டு பேரும் ஒன்றாகச் சமைத்தார்கள். ரேப் எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் டேனிஷ் மீனவர் கொட் மீனின் தலையை எறிந்துவிடுவார்கள். கேட்டால் சிரித்துக்கொண்டே வாளியோடு தருவார்கள். யோகண்ணை அந்தத் தலைகளைப் புளி விட்டுக் குழம்பு வைத்தால் படிக்கட்டு முழுக்க மணக்கும்.

அந்த மணம் பக்கத்து நகரமான வைலே வரைக்கும் போய்விட்டது. ஞானப்பிரகாசம் எதிரி இயக்கத்தோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறார் என்று யாரோ சொல்ல, மேல்தட்டு இயக்கத்தின் வைலேக் கிளையிலிருந்து இரண்டு பேர் ரயிலில் விசாரிக்க வந்தார்கள். மழை. குடையை மடக்காமலே உள்ளே வந்தார்கள். முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார்கள்.

"முதல் சாப்பிடுங்கோ, பிறகு விசாரிக்கலாம்," என்றார் ஞானம் அண்ணை.

குளிரில் வந்தவர்கள். சோற்றில் குழம்பை விட்டதும் பேச்சு நின்றது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்கள். மூத்தவர் மீன் தலையின் கன்னச் சதையை உறிஞ்சிவிட்டு, "ஞானம், உமக்கு இப்படிச் சமைக்க வரும் எண்டு தெரியாது," என்றார்.

"நான் இல்லை. அவர்," என்று ஞானம் அண்ணை அடுப்படியில் நின்ற யோகண்ணையைக் காட்டினார்.

இளையவரின் கை பாதி வழியில் நின்றது. மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் கோப்பையைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இன்னும் பாதித் தலை இருந்தது.

"தெரியாமல் சாப்பிட்டதுதானே," என்றார் மூத்தவர். "இனித் தெரிஞ்சுதான் என்ன." சாப்பிட்டு முடித்தார். விசாரணை நடக்கவில்லை. போகும்போது யோகண்ணை ஒரு பழைய தயிர் வாளியில் குழம்பு போட்டுக் கொடுத்தார். அதை இளையவர்தான் தூக்கிக்கொண்டு போனார். குடையையும் வாளியையும் ஒன்றாகப் பிடிக்கத் தெரியாமல் பட்ட பாட்டை நான் யன்னலால் பார்த்தேன்.

வாசலில் நின்றவர்கள்

செய்தி வந்தது ஒரு வெயில் நாளில். கொழும்புக்குத் திரும்பி வந்து மேரி அக்காதான் எடுத்தா. தொலைபேசியை நடுவில் பிடித்துக்கொண்டு இருவரும் காதை வைத்தார்கள். தலைகள் முட்டின.

திரேசா அக்கா காம்ப் வாசலில் போய் நின்று, பொறுப்பாளரைக் கூப்பிடு என்று சொன்னாவாம். காவலுக்கு நின்றவன் யார் நீங்கள் என்று கேட்டானாம். அவனுக்கு மூத்திரம் மஞ்சளாப் போகேக்க பார்த்தவ எண்டு சொல்லு என்றாவாம். பொறுப்பாளனே வாசலுக்கு வந்திருக்கிறான். பின்னேரம் குகன் வெளியே வந்துவிட்டான். முன்பல் ஒன்று இல்லை, மற்றபடி முழுசாகத்தான் இருந்தான்.

யோகண்ணை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

மேரி அக்கா அதோடு நிறுத்தவில்லை. அந்த வாசலில் வேறு தாய்மாரும் நின்றார்களாம். குகன் வெளியே வந்ததைக் கண்டதும் திரேசா அக்காவின் சேலையைப் பிடித்து, என்ர பிள்ளையையும் கேளுங்கோ, என்ர பிள்ளையையும் கேளுங்கோ என்று கெஞ்சினார்களாம். அவ திரும்பிப் போய்க் கேட்டாவாம். இரண்டாம் முறை அவன் வாசலுக்கு வரவில்லை.

ஞானம் அண்ணை அன்றிலிருந்து ஜீப் கதை சொல்லவில்லை. யாராவது ஊரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், சனத்திட்ட இருந்து சோறு வாங்கித் திண்டனாங்கள் என்பார். கேட்டவர்கள் அதைத் தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

ரயில் நிலையம்

கோப்புகள் கடைசியில் அசைந்தன. எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது. இரண்டு பெண்களும் ஒரே விமானத்தில் வந்து, கோப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் ஹோர்சன்ஸுக்கு வந்தார்கள். நாங்கள் மேடையில் நின்றோம். ஞானம் அண்ணை பூ வைத்திருந்தார். யோகண்ணை இரண்டு குளிரங்கி வைத்திருந்தார், மேரி அக்காவுக்கும் சேர்த்து.

முதல் அழுகையும் சிரிப்பும் முடிந்தன. காற்று மூக்கைச் சிவக்க வைத்தது. செல்வி அக்கா அங்கியைப் போட்டுக்கொண்டு ஞானம் அண்ணைக்கு முன்னால் வந்து நின்றா. அவரைக் கும்பிடப் போகிறா என்று தெரிந்து அண்ணை ஒரு அடி பின்னால் போனார்.

"அண்ணை, நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டம்," என்றா. "ஆனா உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். ரெலிபோனில சொல்லப் பயமா இருந்தது. குகன் பிறகு இயக்கத்துக்குப் போயிட்டான். தானாவே போனவன். தன்னைப் பிடிச்சவங்களுக்குப் பாடம் படிப்பிக்கப் போறானாம்."

"எந்த இயக்கம்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பழைய பயம் இருவர் முகத்திலும் ஒரு கணம் வந்து போனதை நான் பார்த்தேன்.

அவ பெயரைச் சொன்னா. மேல்தட்டும் இல்லை, கீழ்த்தட்டும் இல்லை. மூன்றாவது ஒன்று. அதில் இருந்த ஆட்களைவிட அதன் பெயர் நீளம்.

குகன் பிறகு அங்கிருந்தும் ஓடி, எங்கெங்கோ சுற்றி, பாரிஸில் ஒரு பேக்கரியில் போய்ச் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். அவன் உயிரோடு இருப்பதால்தான் இதை இப்படி எழுத முடிகிறது. அன்று அந்த மேடையில் அது எங்களுக்குத் தெரியாது.

ஞானம் அண்ணை பூவை என்னிடம் தந்தார். "அவங்களோ?" என்றார். "அவங்களுக்கு என்ன கொள்கை இருக்கு?"

"ஒரு கொள்கையும் இல்லை," என்றார் யோகண்ணை. "எங்கட சுவரில வந்து நோட்டீஸ் ஒட்டினவங்கள்."

"எங்கட பார்சலைக் களவெடுத்தவங்கள்."

"அப்பவே அவங்களைக் கவனிச்சிருக்க வேணும்."

"நாங்கள் எங்களுக்குள்ள அடிபட்டு அவங்களை விட்டிட்டம்."

ரயில் போய்விட்டது. மேடையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தூறலில் பெட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. மேரி அக்கா கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ," என்றா. "முதல்ல பெட்டியைத் தூக்குங்கோ."

இருவரும் கதையை நிறுத்தாமலே குனிந்து ஒரே பெட்டியைப் பிடித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, அந்த மூன்றாவது இயக்கத்தைத் திட்டியபடி முன்னால் நடந்தார்கள். மற்றப் பெட்டிகளை நானும் அக்காமாரும் தூக்கினோம்.